மான்செஸ்டர் யுனைடெட் சரிவு: மேலாளரா, வயதா?

கேள்வி: 2023-24 பருவத்தில் இங்கிலாந்துக் கால்பந்து கிளப் மான்செஸ்டர் யுனைடெட் தடுமாறியதற்கு மேலாளர் டென் ஹாக் காரணமா, நடுக்கள வீரர் காஸெமிரோவின் வயதா?

பதில்: முதல் பொறுப்பு டென் ஹாக்குக்கே. முன்கள வீரர்கள் எதிரணியின் பாதிக்குள் போய் நெருக்கினார்கள். தற்காப்பு வரிசையோ பின்னாலேயே நின்றது. நடுவில் திறந்துகிடந்த வெளியை 30 வயது தாண்டிய காஸெமிரோ ஓடி ஓடி அடைக்க வேண்டியிருந்தது. பந்து எங்கே வரும் என்ற கணிப்பு காஸெமிரோவிடம் குறையவில்லை. திரும்பி ஓடும் வேகம்தான் குறைந்திருந்தது. 2024 மே மாதம் கிரிஸ்டல் பேலஸிடம் 0-4 எனத் தோற்றபோது, பலர் காயத்தில் இருந்ததால் அவரையே நடுத் தற்காப்பில் நிறுத்தினார்கள். அது அவருடைய இடமே இல்லை! அந்தப் பழியை அவர்மேல் போடுவது அநியாயம்.

கேள்வி: அப்படியானால் காஸெமிரோவை அப்போதே விற்றிருக்கலாமே?

பதில்: கணக்கு இடிக்கும். 2022இல் சுமார் 6 கோடி பவுண்டு கொடுத்து 4 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கு ஏட்டில் அந்தத் தொகையை 4 ஆண்டுக்குப் பிரித்து எழுதினால் ஆண்டுக்கு 1.5 கோடிச் செலவு. 2 ஆண்டு கழித்து ஏட்டில் மீதி 3 கோடி; அதற்குக் குறைவாக விற்றால் நட்டம் எழுத வேண்டும். 32 வயது வீரருக்கு அந்த விலை கிடைப்பது கடினம். அவர் சம்பளத்தை ஏற்கும் கிளப்பும் அரிது.

கேள்வி: மேலாளரை மாற்றியது பலன் தந்ததா?

பதில்: இல்லை. 2024 அக்டோபரில் டென் ஹாக் போனார், நவம்பரில் புது மேலாளராக அமோரிம் வந்தார். பிரீமியர் லீக் பட்டியலில் 2023-24இல் பிடித்த 8ஆம் இடம் 2024-25இல் 15 ஆனது.