தாலி கட்டினால் விசுவாசம் குறைந்துவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு மே மாதம் கல்யாணம். இரு வீட்டாரும் பரம்பரைக் கத்தோலிக்கர்கள்தான். மாப்பிள்ளை ஒரு ஜெபக்குழுவில் தீவிரமாக இருக்கிறார். “தாலி இந்துக்களின் வழக்கம், மோதிரம் போதும்” என்கிறார். மகளும் தலையாட்டுகிறாள். என் மாமியாரோ, தாலி இல்லாமல் ஒரு கல்யாணமா என்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதுவும் எங்கள் சாதி வழக்கப்படியான தாலியாக இருக்க வேண்டுமாம், நடுவில் சிலுவை வைத்துக்கொண்டால் போதுமாம். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: மாப்பிள்ளையின் சந்தேகத்தை முதலில் பார்ப்போம். பாவம், அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ரோமாபுரி வரைக்கும் போய், நூறு வருடத்துக்கு மேல் அடிபட்ட வழக்கு இது.

1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபை குரு ராபர்ட் தே நொபிலி காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, சந்நியாசியாகவே வாழ்ந்தார். தன்னிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் விட வேண்டியதில்லை என்றார். உடனிருந்த குருக்களே அவர்மீது புகார் எழுதினார்கள். கடைசியில் 1623-ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கையைக் கழித்துவிட்டு இவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்.

அப்புறம் 1704. திருத்தந்தையின் தூதராகச் சீனாவுக்குப் போகும் வழியில் தே தூர்னோன் புதுச்சேரியில் தங்கினார். உடம்பு முடியாததால் உள்நாட்டு ஊர்கள் பக்கம் போகவே இல்லை. ஆனாலும் நம் வழக்கங்கள்மேல் நீளமான ஒரு தடைப் பட்டியல் போட்டார். அதில் தாலியும் இருந்தது. ஆனால் கவனியுங்கள், அவர் தடுத்தது பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும், மஞ்சள் பூசிய 108 இழைக் கயிற்றையும்தான். சிலுவையோ மாதா உருவமோ உள்ள தாலிக்கு அவரே இடம் கொடுத்தார். அவ்வளவு கண்டிப்பான மனிதரே விட்டுவைத்ததை உங்கள் மாப்பிள்ளை ஏன் தூக்கிப்போட வேண்டும்?

உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1963-ல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தின் 77-ஆம் பிரிவில், திருமணத்தில் அந்தந்த நாட்டு நல்ல வழக்கங்களைக் காப்பாற்றி வைக்கச் சொல்கிறது. நம் கோயில்களில் சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுத்து, மாப்பிள்ளை பீடத்துக்கு முன்னாலேயே கட்டுகிறார். பக்கத்துக் கேரளத்திலும் சிரியன் கிறிஸ்தவர்கள் மந்திரகோடிப் புடவையிலிருந்து நூல் உருவி, ஏழு இழையாகத் திரித்து, அதில் மின்னு என்கிற தங்கள் தாலியைக் கட்டுகிறார்கள். மோதிரம் மட்டும் பெத்லகேமிலிருந்தா வந்தது? அதுவும் கிறிஸ்தவத்துக்கு முந்தைய ரோமானியர்களின் நிச்சயதார்த்த வழக்கம்தான்.

எனவே மாப்பிள்ளை சொல்லும் காரணம் நிற்காது. ஆனால் உங்கள் மாமியார் ஜெயித்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு உறுத்துவது அவர் கேட்கும் அந்த ‘சாதித் தாலி’தான்.

பழைய சண்டையில் உருவத்தைப் பற்றி அவ்வளவு பேசினார்கள். சாதி விஷயம் வந்தபோது? ஒடுக்கப்பட்ட மக்களின் வீட்டுக்குள் போய் நோயாளிகளுக்குத் தேவதிரவிய அனுமானங்கள், அதாவது திருவருட்சாதனங்கள், கொடுக்கக் குருக்கள் தயங்குவதையும் தூர்னோன் கண்டித்தார், அது அவருக்குப் பெருமை. ஆனால் 1744-ல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வழக்கை முடித்தபோது, அம்மக்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குச் சம்மதம் கிடைத்தது. பிள்ளையார் வெளியே போனார், சாதி உள்ளே உட்கார்ந்துகொண்டது. அது எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தைச் சொல்லலாம். 1872-ல் கட்டிய கோயிலில் பீடம் ஒன்று, மக்கள் நிற்க இரண்டு கிளைகள், இடையில் தடுப்பு. ஒரே பூசையை இரண்டு சாதியாக நின்று கண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. இதே வடக்கன்குளத்தில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்றவர்தான் தேவசகாயம். 2022-ல் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயருக்குப் பின்னாலிருந்த ‘பிள்ளை’யை வத்திக்கான் எடுத்துவிட்டது. புனிதருக்கே வேண்டாம் என்றான சாதி அடையாளம் உங்கள் மகள் கழுத்தில் எதற்கு? சிலுவையோ புறாவோ பொறித்த சாதாரணத் தாலி போதும். மாமியாரிடம் இதை நீங்கள் சொல்வதைவிடப் பங்குச் சாமியார் சொன்னால் எடுபடும். கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு ஓலையைக் கொடுக்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி மகள். கடிதத்தில் அவளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவள் தலையாட்டுவது மாப்பிள்ளை சொல்கிறார் என்பதற்காகவா, இல்லை கல்யாணமான அடையாளத்தைப் பெண் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றுகிறதா? விதவையான நம் பெண்களுக்கும் தாலி அறுக்கும் சடங்கு நடக்கும் ஊர்கள் உண்டு. அதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்குத் தாலியே வேண்டாம் என்று தோன்றினால் நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். திருச்சபைச் சட்டத்தின் 1057-ஆம் பிரிவின்படி இருவரின் சம்மதம்தான் திருமணத்தை உண்டாக்குகிறது. தாலி இல்லாமலும் அது முழுமையான திருவருட்சாதனமே. அப்படி ஒரு நிலை வந்தால் நீங்கள் நிற்க வேண்டியது மகள் பக்கம்.

மாப்பிள்ளையும் வீட்டாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவளிடம் கேளுங்கள். ஆசாரிக்கு முன்பணம் கொடுப்பது அதற்கப்புறம் இருக்கட்டும்.