சித்திரையில் வைத்த அடை ஏன் பொரிக்கவில்லை?

கேள்வி: நாங்குநேரி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டுக்கோழி 14 முட்டை இட்டது. எல்லாவற்றையும் அரிசிப் பானையில் சேர்த்து, சித்திரைக் கடைசியில் அடை வைத்தோம். 3 குஞ்சுதான் பொரித்தது, மீதி எல்லாம் கூமுட்டை. ராசியில்லாத கோழி, விற்றுவிடு என்கிறார் அத்தை. என்ன செய்யலாம்?

பதில்: விற்காதீர்கள். அந்த வெயிலில் 21 நாள் எழும்பாமல் உட்கார்ந்த கோழி அருமையான அடைக்கோழி. கோளாறு அநேகமாக அடை வைப்பதற்கு முன்பே, உங்கள் அரிசிப் பானையில் நடந்துவிட்டது.

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். இன்று காலை 7 மணிக்கு இட்டால் நாளை 8, 9 மணி ஆகும். இப்படியே தள்ளிக்கொண்டு போய் ஒரு நாள் இடாது. நாட்டுக்கோழி இன்னும் கூடுதலாக இடைவெளி விடும். ஆகவே 14 முட்டை சேர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகியிருக்கும். சேவல் சேர்ந்த முட்டைக்குள், அது வெளியே வரும்போதே கரு வளரத் தொடங்கியிருக்கும். முட்டை ஆறியதும் கரு உறங்கிவிடும். அந்த உறக்கத்துக்கு 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் வீடுகளில் ராத்திரிகூட அவ்வளவு இறங்காது. கரு உறங்கவும் முடியாமல் முழுதாக வளரவும் முடியாமல் நலிந்து செத்துப்போகும். பொரித்த மூன்றும் கடைசியாக இட்டவையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே அடுத்த முறை முட்டையைத் தினமும் எடுத்து, பென்சிலால் தேதி எழுதுங்கள். கூட்டில் ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் கோழி வேறு இடம் தேடும். ஈர மணலில் பாதி புதைத்த மண்பானைக்குள், அகன்ற முனை மேலே இருக்கும்படி முட்டைகளை வைத்து, துணியால் மூடி நிழலில் வையுங்கள். மணல் காயக்கூடாது, முட்டை நனையக்கூடாது. கழுவவும் வேண்டாம், ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய்விடும். இப்படி வைத்தாலும் ஒரு வாரம்தான், கோடையில் 4, 5 நாள்தான் கணக்கு. அதற்கு முந்தியதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் முட்டையை அடைக்கு நம்பாதீர்கள்.

கோழி சிறகைச் சிலிர்த்து, கொக் கொக்கென்று கத்தி, ராத்திரியும் கூட்டைவிட்டு எழும்பாமல் இருந்தால் அடைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஓலைப்பெட்டியில் மணலும் வைக்கோலும் பரப்பி, கோழியின் உடம்பு மூடுகிற அளவுக்கு 10 அல்லது 12 முட்டை போதும். இருட்டியபிறகு வையுங்கள். இடியில் முட்டை கெட்டுவிடும் என்று பயந்து பெட்டியில் இரும்பும் கரியும் போடுவது நம் பக்கத்து வழக்கம். போட்டால் கெடுதல் இல்லை. பேன் பிடித்த கோழி பாதியில் எழும்பிவிடும், அதனால் முன்னதாகவே சாம்பலில் புரளவிடுங்கள். தினம் ஒரு தடவை இறங்கித் தின்ன, பக்கத்திலேயே கம்பும் தண்ணீரும் இருக்கட்டும்.

7-ஆம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு உயிரோடு இருக்கிறது. வெறும் ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் வளர்ந்து செத்தது. எதுவுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் சேவல் சேராத முட்டையாக இருக்கலாம். பல முட்டை அப்படி இருந்தால் சேவலைக் கவனியுங்கள்; 8, 10 பெட்டைக்கு ஒரு நல்ல சேவல் வேண்டும். ஆகாததை எடுத்துவிடுங்கள், உள்ளே வெடித்தால் மற்றதும் கெடும்.

அடை வைக்கும் மாதத்தைப் பொறுத்தவரை, நம் திருநெல்வேலிப் பக்கம் ஆடி, ஆவணியும் தை, மாசியும் எனக்குப் பிடித்தவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் முட்டை பொரித்தாலும் ஈரத்தில் குஞ்சு நிற்பது கஷ்டம்.

18-ஆம் நாளுக்குப் பிறகு கைவைக்காதீர்கள். ஓட்டில் கீறல் விழுந்தபின் குஞ்சு வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். பாவம் பார்த்து ஓட்டை உரித்தால் ரத்தம் போய்ச் செத்துவிடும். மிச்ச மஞ்சள் கரு வயிற்றில் இருப்பதால் பிறந்த குஞ்சு இரண்டு நாள்வரை தீனியில்லாமல் தாங்கும். மற்றதும் பொரிக்கும்வரை தாயை இறக்க வேண்டாம். ஒரு வாரக் குஞ்சானதும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான சொட்டு மருந்தைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்கலாம்.