மோட்டார் கேள்வி பதில்: தூங்கிக் கிடக்கும் விராகோவை எழுப்புவது எப்படி?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய குரூசர் மோட்டார் சைக்கிள்கள் பற்றித்தான், அதிலும் யமஹா விராகோ. 1981-ல் எக்ஸ்வி750-ஓடு தொடங்கிய குடும்பம் அது. நம் மலேசியாவில் அதிகம் கண்ணில் படுவது அதன் தம்பிகளான 250-யும் 535-உம். எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி மக்கர் செய்தால் உடனே பாகம் வாங்க ஓடாதீர்கள். கரண்ட் சரியா, பெட்ரோல் சரியா, காற்று சரியா என்று இந்த வரிசையில் பாருங்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் முழுவதையும் மாற்றிவிட்டு, கடைசியில் பேட்டரி முனையில் நட்டு லூசாக இருந்ததைக் கண்டுபிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கே: அண்ணே, அப்பா ஓட்டிய விராகோ 535 ஆறு வருடமாக வீட்டு முன் கொட்டகையில் நிற்கிறது. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட்டரை அமுக்கிப் பார்க்கலாமா? (பட்டர்வொர்த் வாசகர்)

ப: அமுக்காதீர்கள் தம்பி. ஆறு வருடமாக அசையாத எஞ்சினில் சிலிண்டர் சுவர் காய்ந்து கிடக்கும், பினாங்கு ஈரத்துக்கு லேசாகத் துருவும் பிடித்திருக்கலாம். ஸ்டார்ட்டரால் அதை முரட்டுத்தனமாகச் சுற்றினால் பிஸ்டன் ரிங் கீறிவிடும். இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் பிளக் இல்லாமலேயே டாப் கியரில் போட்டு வண்டியை மெதுவாக முன்னால் தள்ளுங்கள். எஞ்சின் வழுக்கிக்கொண்டு சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. இறுகி நின்றால் பலம் காட்டாமல் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பொறுத்திருங்கள்.

அப்புறம் பெட்ரோல். இந்த வண்டியில் பலர் ஏமாறும் இடம் இது. நாம் டேங்க் என்று தட்டிப் பார்ப்பது மேலே இருப்பதை, ஆனால் பெட்ரோலில் பெரும்பகுதி இருக்கைக்கு அடியில் உள்ள இன்னொரு டேங்கில் நிற்கிறது, பிந்தைய மாடல்களில் இரண்டும் சேர்ந்து 13.5 லிட்டர். மேலே மட்டும் வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றினால் கீழே இருக்கும் பழைய சரக்கு நேராக கார்புரேட்டருக்குத்தான் போகும். இரண்டையும் காலி செய்யுங்கள். வெளியே வருவது தேத்தண்ணி நிறத்தில், வார்னிஷ் வாடையோடு இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் வெள்ளை வினிகர் ஊற்றி ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து, சோடா மாவு கரைத்த நீரால் அலசி, உடனே உலர்த்தி விடலாம். உலர்த்துவதில் சோம்பல் பட்டால் மறுநாளே புதுத் துரு வந்து நிற்கும். செதில் செதிலாக உரிந்தால் டேங்க் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கார்புரேட்டர் இரண்டு. அடிக் கிண்ணத்தின் திருகாணிகளைக் கழற்றும்போதுதான் பாதிப் பேர் கெடுப்பார்கள். பார்ப்பதற்கு நம் வீட்டுப் பிலிப்ஸ் திருகாணி மாதிரிதான் இருக்கும், ஆனால் ஜப்பான்காரன் போட்டிருப்பது ஜேஐஎஸ் என்ற அவன் நாட்டுத் தர வகை. தலையில் ஒரு பக்கமாகச் சின்னப் புள்ளி இருந்தால் அதுவேதான். பிலிப்ஸ் திருப்புளியை வைத்து அழுத்தித் திருகினால் பிடிப்பு நழுவி, நடுவில் உருண்டைக் குழிதான் மிஞ்சும், அதற்குப் பிறகு ட்ரில் போட வேண்டியதுதான். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே, எஞ்சின் ஐட்லிங்கில் (கேஸ் கொடுக்காமல் சும்மா) ஓடும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட் என்று ஒன்று இருக்கும், அதன் ஓட்டை மயிரிழைதான். பழைய பெட்ரோல் பிசினாகி முதலில் அடைப்பது இதைத்தான், வண்டி சோக் போட்டால் மட்டும் ஓடுவதும் ஐட்லிங்கில் அணைவதும் பெரும்பாலும் இதனால்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். இரும்புக் கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும், மின்சார வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழை போதும். கலவைத் திருகாணியை எடுப்பதற்கு முன் அது முழுவதும் உள்ளே போக எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே மூடிக்குக் கீழே கறுப்பு ரப்பர் டயஃப்ரம் இருக்கும், அதன் மேல் கார்ப் கிளீனர் அடிக்கவே அடிக்காதீர்கள். ரப்பர் ஊதிப்போய் பள்ளத்தில் உட்காராது.

எல்லாம் பூட்டியபின் சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்பு டிக் டிக் என்று அடித்து, கார்ப் நிறைந்ததும் ஓய வேண்டும். ஓயாமல் அடித்தால் எங்கோ கசிகிறது, மூக்கால் தேடுங்கள். எஞ்சின் ஆயிலை மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், கொஞ்ச தூரம் ஓடியதும் இன்னொரு தடவை மாற்றுங்கள். முன் பிரேக் திரவம் காப்பி நிறத்தில் இருந்தால் அது ஈரம் குடித்த திரவம், டாட் 4 ஊற்றி முழுக்க மாற்ற வேண்டும். டேங்கில் சிந்தினால் பெயிண்ட் போச்சு. டயரில் வரிப்பள்ளம் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஓட்டாதீர்கள், பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 3114 என்றால் 2014-ன் 31-வது வாரம் செய்தது, அது குப்பைக்கு.

கே: ஜாலான் ஈப்போ நெரிசலில் எஞ்சின் சூடானதும் ஐட்லிங் தானாக ஏறுகிறது. கேஸை விட்டால் குழாயில் பட் பட் என்று வெடிக்கிறது. பொமேன் (மெக்கானிக்) கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார், என்ன செய்யலாம்? (செந்தூல் வாசகர்)

ப: மாற்றுவதற்கு முன் கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாய்களைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள். முப்பது வருட ரப்பர், வளைத்தால் அடிப்பக்கத்தில் வெடிப்பு வாய் திறக்கும். அந்த வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகிறது, கலவையில் பெட்ரோல் குறைகிறது, சூட்டில் வெடிப்பு இன்னும் விரிகிறது, அதனால்தான் காலையில் ஒழுங்காக இருந்தது மத்தியானம் அடம் பிடிக்கிறது. எஞ்சின் ஓடும்போது அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் பீச்சினால் சத்தம் மாறும், மாறினால் அங்கேதான் ஓட்டை. சிலர் பெட்ரோலையோ கிளீனரையோ அடித்துச் சோதிப்பார்கள், சூடான குழாய்க்குப் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். சைலென்சரை வெட்டியிருந்தாலோ, சத்தத்துக்காக வேறு குழாய் மாட்டியிருந்தாலோ அதுவும் இதே வெடியைத் தரும். கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு லேசாகச் சந்தேகம் இருக்கிறது.

இன்னொன்று, இது காற்றால் குளிரும் எஞ்சின், ரேடியேட்டர் கிடையாது. நெரிசலில் பின் சிலிண்டர்தான் முதலில் வேகும். நீண்ட சிவப்பு விளக்கில் அணைத்துவிடுங்கள், வெட்கம் ஒன்றுமில்லை.

கே: அண்ணா, என்னிடம் பி2 லைசன்ஸ்தான். 535 வாங்கச் சொல்லி எல்லாரும் தூண்டுகிறார்கள். (பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி)

ப: பி2 என்றால் 250 சிசி வரைதான் தங்கச்சி. தூண்டுகிறவர்கள் சம்மனையும் கட்டுவார்களா என்று கேளுங்கள், லைசன்ஸ் இல்லாத வண்டியில் விழுந்தால் காப்புறுதியும் கைவிட்டுவிடும். விராகோ 250 என்பது 249 சிசி, கணக்கு இடிக்காது. வி வடிவில் இரண்டு சிலிண்டர் உள்ள வி-ட்வின்தான், ஆனால் கார்புரேட்டர் ஒன்றே ஒன்று, அதனால் இரண்டு கார்புரேட்டரைச் சமன் செய்கிற தலைவலி இல்லை. சாலை வரியும் தீபகற்பத்தில் வருடத்துக்கு 50 வெள்ளி, 535-க்கு 250. பின்சக்கரத்துக்குச் சங்கிலி, அதை மட்டும் காயவிடாதீர்கள்.

கே: கார் எஞ்சின் ஆயில் மலிவாகக் கிடைக்கிறது. ஊற்றலாமா? (பாயான் லெப்பாஸ் வாசகர்)

ப: வேண்டாம். கிளட்ச் அதே ஆயிலில் முழுகி வேலை செய்கிறது, பெட்ரோல் சேமிக்கும் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் மருந்து இருக்கும், கிளட்ச் தகடு வழுக்கும். பாட்டிலில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ (இப்படி ஆயிலில் முழுகும் கிளட்ச்சுக்கான தர முத்திரை) என்று இருப்பதை வாங்குங்கள். நீங்கள் வைத்திருப்பது 535 என்றால், சங்கிலிக்குப் பதில் தண்டு சுழலும் ஷாஃப்ட் வண்டிக்கு வேலையே இல்லை என்று விற்றவர் சொல்லியிருப்பார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கியர் உருண்டைக்குத் தனியாக ஹைபாய்டு கியர் ஆயில் உண்டு, கால் லிட்டருக்கும் குறைவு. அதை யாரும் மாற்றுவதில்லை. பின் டயர் மாற்றும்போது சக்கரம் அந்தக் கியரோடு சேரும் பற்களில் மாலிப்டினம் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், டயர் கடைக்காரர் தானாகச் செய்யமாட்டார்.

கே: ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது. பேட்டரி தரமில்லையா? (செராஸ் வாசகர்)

ப: பேட்டரி மேல் பழி போடுவதற்கு முன் ஒரு மல்ட்டிமீட்டர் வாங்குங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை 3000 சுற்றுக்கு மேல் ஏற்றினால் 13.5 முதல் 14.5-க்குள் இருக்க வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் வரவில்லை, 15-ஐத் தாண்டினால் சார்ஜை அளவோடு வைக்க வேண்டிய ரெகுலேட்டர் பேட்டரியை வறுக்கிறது. ஆனால் ரெகுலேட்டரை வாங்குவதற்கு முன், எஞ்சினிலிருந்து ஒரே நிறத்தில் மூன்று கம்பிகள் வந்து சேரும் பிளாஸ்டிக் இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். ஒரு துளை மட்டும் பழுப்பேறி, ஓரம் உருகி, முனை பச்சை பூத்திருக்கும். பல வண்டிகளில் குற்றவாளி அந்த ஐந்து வெள்ளி சமாசாரம்தான். சட்டகத்துக்குப் போகும் எர்த் கம்பியையும் கழற்றி மணல்தாளால் தேய்த்துப் பூட்டுங்கள்.

கே: கடலோர வீடு, குரோம் புள்ளி புள்ளியாகத் துருவேறுகிறது. (தஞ்சோங் பூங்கா வாசகர்)

ப: ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து மெழுகு பூசுங்கள், பிரஷர் ஜெட்டைச் சக்கர பேரிங் பக்கம் காட்டாதீர்கள். சைலென்சர் உள்ளிருந்து அரிப்பதுதான் உங்களுக்குப் பெரிய ஆபத்து. காலையில் நாசி கண்டார் கடைவரை போய்வரும் ஓட்டத்தில் உள்ளே சேரும் நீர் ஆவியாவதில்லை. வாரம் ஒருமுறை பாலிக் புலாவ் மலைப்பாதையில் ஒரு சுற்றுப் போங்கள்.

கே: நண்பர்களோடு தாய்லாந்தின் ஹாட்யாய் போகிறோம். பழைய வண்டிக்கு அங்கே எந்தப் பெட்ரோல்? (பிறை வாசகர்)

ப: நம் பம்புகளில் விற்கும் ரோன்95, ரோன்97-ல் எத்தனால் கலப்பதில்லை, அங்கே கலப்பதுதான் வழக்கம். கேசஹால் 95 என்றால் பத்து சதவீதம், இ20 என்றால் இருபது, இ85 பக்கமே போகாதீர்கள். எத்தனால் இல்லாத பென்சின் 95 சில பம்புகளில் இருக்கும், விலை கூடுதல், கிடைத்தால் அதை ஊற்றுங்கள். கிடைக்காவிட்டால் கேசஹால் 95 ஒன்றிரண்டு டேங்க் ஓடுவதால் குடி முழுகிவிடாது. பழைய ரப்பர் குழாய், மிதவை வால்வு இவைதான் நாளடைவில் ஊறிக் கெடும், அந்த எண்ணெயை டேங்கிலேயே வைத்து நிறுத்தினால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே புறப்படும்போது எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாமுக்கு முன்பே நிறைய ரொப்புங்கள், திரும்பி வரும்போது அங்குள்ளதைக் காலியாகும்வரை ஓட்டிவிட்டு இந்தப் பக்கம் வந்து ரொப்புங்கள். எல்லையில் தாய்லாந்து காப்புறுதி எடுக்க வேண்டும், கிராண்ட் (வண்டி உரிமைப் பத்திரம்) நகலைப் பையில் வையுங்கள். இரண்டு பிளக், ஒரு கிளட்ச் கேபிள், ஃபியூஸ், அந்த ஜேஐஎஸ் திருப்புளி, இதற்கு மேல் சுமக்க வேண்டாம்.