முகம் கறுக்கிறது, கோடு ஓடுகிறது: வீடியோ கேள்வி-பதில்

கேள்வி: சமையலறை டியூப்லைட் வெளிச்சத்தில் செல்போனில் வீடியோ எடுக்கிறேன். கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்கின்றன. போன் பழுதா?
– வாசகி, திண்டுக்கல்

போன் மேல் பழி போடாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பழைய சோக் டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/60 நொடியில் நின்றால் ஒரு துடிப்பு முழுதாகவும் அடுத்த துடிப்பில் மூன்றில் இரண்டு பங்கும்தான் சிக்கும். சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால், ஒவ்வொரு வரிக்கும் வேறு வேறு துண்டு கிடைக்கிறது. அதுதான் பட்டை.

புரோ மோடில் ஷட்டரை 1/50 ஆக்குங்கள். வெளிச்சம் கூடுதலாகப் பட்டால் 1/100. நொடிக்கு 25 ஃபிரேம் இருந்தால் நல்லது. 30 மட்டும்தான் என்றாலும் 1/50 வேலை செய்யும். டிம்மரில் மங்கவைத்த எல்இடி வேறு கணக்கில் துடிக்கலாம், அதற்கு இது உதவாமல் போகும். வெளிச்சத்தைக் குறைக்க விளக்கைத் தள்ளிவையுங்கள்.

கடுகு பொரிவதை ஸ்லோமோஷனில் எடுக்க ஆசையா? 120 ஃபிரேமில் ஷட்டரை 1/120-க்கும் மெதுவாக்க முடியாது, மினுக்கல் வந்தே தீரும். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் அடுப்பை நகர்த்துங்கள்.

கேள்வி: பேசிக்கொண்டே இட்லித் தட்டை கேமராவிடம் நீட்டினால் என் முகம் திடீரென்று இருண்டுவிடுகிறதே?
– வாசகர், சேலம்

ஆட்டோ எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் கேமரா தானே கூட்டிக் குறைப்பது, செய்கிற வேலை. வெள்ளை இட்லியும் பளபள தட்டும் பாதித் திரையை அடைத்ததும், 'வெளிச்சம் மிஞ்சிவிட்டது' என்று கேமரா முடிவுகட்டி மொத்தத்தையும் குறைக்கிறது. பதிவைத் தொடங்கும் முன் திரையில் உங்கள் முகத்தை இரண்டு நொடி அழுத்திப் பிடியுங்கள். பூட்டுக் குறி விழும் போன்களில் எக்ஸ்போஷர் அங்கேயே நின்றுவிடும். ஆனால் ஃபோகஸும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும் என்பதால் நீங்கள் முன்னும் பின்னும் ஆடக்கூடாது. இட்லி வெளுத்துவிடாமல் இருக்கிறதா என்று ஒத்திகையிலேயே தட்டை நீட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: புதுக் கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ். வீட்டுக்குள் ஐஎஸ்ஓ (சென்சார் ஒளியைக் கூட்டிக்காட்டும் அளவு) 3200 வைத்தும் படம் புள்ளி புள்ளியாக வருகிறது. விலை கூடிய லென்ஸ் வாங்கணுமா?
– வாசகர், தூத்துக்குடி

பொறுங்கள். விளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஆறடி என்றால் மூன்றடிக்குக் கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்கு, அதாவது 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). ஐஎஸ்ஓ 3200 இருந்த இடத்தில் 800 போதும், காசு செலவில்லை. கிட்டே வந்த விளக்கு பின்சுவரை ஒப்பீட்டில் இருட்டாக்கும். அது பெரும்பாலும் அழகுதான்.

இன்னொன்று: இந்த லென்ஸ் வகையில் 18-ல் எஃப் 3.5 (லென்ஸ் வாய் திறப்பு, எண் சிறிதானால் வெளிச்சம் கூடும்) கிடைக்கும், 55-க்கு ஜூம் செய்தால் 5.6. வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். ஷாட் நடுவே ஜூம் செய்யாமல், 18 பக்கமாக வைத்துக் காலால் நெருங்குங்கள். ரொம்ப ஒட்டிப் போனால் மூக்கு பெரிதாகும், நாலடி விட்டு நில்லுங்கள்.

கேள்வி: வீடியோவில் முகத்தின் வெளிச்சம் 70 சதவீதத்தில் (100 என்றால் முழு வெள்ளை) இருக்கணும் என்கிறார்கள். என் அண்ணன் நல்ல கறுப்பு, அப்படி வைத்தால் வெள்ளைச் சட்டை தீய்ந்துவிடுகிறது.
– வாசகி, விருதுநகர்

அந்த 70 வெளுத்த தோலுக்கான கணக்கு. மாநிறத்துக்கு 50 முதல் 60, நல்ல கறுப்புக்கு 40 முதல் 50 இருந்தாலே முகம் முகமாக இருக்கும். கறுப்பை வெளுப்பாக்குவது எக்ஸ்போஷரின் வேலையே அல்ல.

ஜீப்ராவை (வெளிச்சம் மிஞ்சும் இடத்தில் திரையில் கோடு போட்டுக் காட்டும் வசதி) 95-ல் வைத்து, சட்டையில் கோடு விழாத அளவுக்கு எக்ஸ்போஷரை இறக்குங்கள். பிறகு விளக்கின் பரப்பைப் பெரிதாக்குங்கள், பிரகாசத்தைக் கூட்டவேண்டாம். எல்இடிக்கு இரண்டடி முன்னால் நாலு முழ வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கொடியில் தொங்கவிட்டு, முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில் நிறுத்துங்கள். கறுப்புத் தோலில் வடிவம் தெரிவது பளபளப்பால்தான்: கன்னத்து மேட்டில் சின்னதாக எரியும் வெள்ளைப் பொட்டு, நீளமான மென்மையான ஒளியாகப் பரவும். மறுபக்கம், கட்டத்துக்குள் வராமல், கன்னத்திலிருந்து இரண்டடியில், ஒளியைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை. சினிமா செட்டிலும் அதே அட்டைதான். ஹாலோஜன் முன்னால் மட்டும் வேட்டியைக் கட்டிவிடாதீர்கள், பற்றிக்கொள்ளும். நீலம் போட்ட வேட்டி என்றால் கட்டிய பிறகே வைட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது) எடுக்கணும்.

கேள்வி: பாதி முகம் மஞ்சள், பாதி நீலம். எந்த வைட் பேலன்ஸும் சரியாகவில்லை.
– வாசகர், காரைக்குடி

ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் குண்டு பல்பு என்றால் இப்படித்தான். ஒளியின் நிறத்தை கெல்வினில் அளப்பார்கள்: ஜன்னல் சுமார் 5600 கெல்வின் (நீலம்), குண்டு பல்பு 2700 (மஞ்சள்). இரண்டையும் ஒரே எண்ணால் சரிசெய்ய முடியாது. பல்பை அணையுங்கள்.