மலை இல்லாத சீமையா?

கேள்வி: வருஷா வருஷம் மே மாதம் கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ குடும்பத்தோடு போய்த் திரும்புகிறோம். பெட்ரோல் செலவும் ரூம் வாடகையும் கையைக் கடிக்கிறது. நம் செட்டிநாட்டில் பெரிய வீடுகளை விட்டால் வெளியே போய் உட்கார்ந்து பார்க்க அழகான இடம் ஒன்றாவது உண்டா? மலை என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லாத சீமையில் பிறந்துவிட்டோமே! உங்களுக்குப் பிடித்த இடம் என்று ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், கோனாபட்டு

பதில்: கோனாபட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதுதான் வேடிக்கை. உங்கள் தாலுகா ஆபீஸ் எந்த ஊரில் இருக்கிறது ஐயா? திருமயத்தில். பட்டா மாற்ற, வாரிசுச் சான்று வாங்க என்று அங்கே நடையாய் நடக்காத கோனாபட்டுக்காரர் யாராவது உண்டா? அந்த ஊரில் தலையை நிமிர்த்தினால் கண்ணில் விழுவது என்ன? பாறை மேல் கோட்டை. 1687-இல் கிழவன் சேதுபதி கட்டியது. அதே பாறையின் அடிவாரத்தில் சிவனுக்கு ஒரு குடவரை, பெருமாளுக்கு ஒரு குடவரை, பக்கத்தில் பக்கத்தில். இத்தனையும் கண்ணெதிரே இருக்க, ‘மலையே இல்லை’ என்று பேப்பரும் பேனாவும் எடுத்து எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

எனக்கென்னவோ நீங்கள் தேடுவது மலையை இல்லை, குளிரைத்தான் என்று படுகிறது. தப்பில்லை. மே மாதத்தில் காரைக்குடி மொட்டை மாடியில் வெறுங்காலை வைத்தவர் யாருக்கும் அந்த ஆசை வரும். மதுரை வெக்கை தாங்காத அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-இல் மேலே ஏறி பங்களா கட்டியதில் ஆரம்பித்த ஊர்தான் கொடைக்கானல். பனிமூட்டம், ஏரியில் படகு, தோளில் ஸ்வெட்டர் இந்த மூன்றும் இருந்தால்தான் இயற்கைக் காட்சி என்று அந்த வழியில் நமக்கும் பழகிப்போயிற்று. மூன்றும் நம் பக்கத்தில் கிடையாது, இனி வரப்போவதும் இல்லை. அவைதான் வேண்டும் என்றால் ரூம் வாடகையைக் கட்டிவிட்டு கொடைக்கானலுக்கே போய் வாருங்கள். உங்களிடம் மல்லுக்கு நிற்க மாட்டேன்.

ஆனால் ‘காட்சி’ என்று எழுதினீர்களே, அதைப் பற்றிப் பேசலாம். ஏழாயிரம் அடி உயரத்தில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தால் பச்சை தெரியும், புகை தெரியும். அது எந்த ஊர், யாருடைய வயல் என்று உங்களுக்கும் தெரியாது, பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பவருக்கும் தெரியாது. திருமயம் கோட்டை உச்சியில் பீரங்கி இருக்கிற மேடைப் பக்கம் சாயங்காலம் போய் நில்லுங்கள். சுற்றிலும் சமதரை என்பதால் சின்னப் பாறையே போதும், பத்துப் பன்னிரண்டு கிராமம் தெரியும். தரையில் நிற்கிறவருக்குக் கண்மாய் என்பது ஒரு மண் கரை, அவ்வளவுதான். மேலே ஏறினால்தான் ஒரு கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலுங்கில் வழிந்து, அந்தத் தண்ணீர் ஓடை பிடித்து அடுத்த கண்மாய்க்குள் இறங்குவது தெரிகிறது. சொல்லிக்கொள்ளும்படி ஓர் ஆறு இல்லாத இந்த வானம் பார்த்த பூமியில் எப்படி நெல் விளைந்தது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கொடைக்கானலில் பார்ப்பது ஊரான் சீமை. இங்கே தெரிவது நம் ஊர்.

பிடித்த இடம் எது என்று கேட்டீர்கள். பிரான்மலை. சந்தேகமே இல்லை.

ஏறத்தாழ 2,500 அடி. சிங்கம்புணரிப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், ஏறியவர்கள் குறைவு. பாரி ஆண்ட பறம்பு இதுதான் என்று ஊரார் சொல்வார்கள். மூவேந்தரும் கூடி முற்றுகை போட்டபோது, நீங்கள் எத்தனை நாள் வளைத்துக்கொண்டு நின்றாலும் இந்த மலை பட்டினி கிடக்காது என்று கபிலர் சவால் விட்டார். உழவர் உழாமலே நாலு விளைச்சல் இங்கே உண்டு என்று அவர் போட்ட பட்டியல் இது: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். சுனைகளோ வானத்து மீன்கள் அளவுக்கு என்றார். புலவர் கணக்கு கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும். இன்று அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மலையில் தேடினால் ஏமாந்துபோவீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடிவாரத்துக் கோயில் சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம். பாதாளம், பூமி, கைலாயம் என்று மூன்று அடுக்கு. கீழே கொடுங்குன்றநாதர், நடுவில் வயிரவர், மேலே மங்கைபாகரும் தேனம்மையும். பெரும்பாலானவர்கள் வயிரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். மலைக்கு மேல் ஒரு தர்கா இருக்கிறது, ஷேக் அப்துல்லா அவுலியா அடக்கமான இடம். கீழே தேவாரம் பாடின கோயில், உச்சியில் தர்கா, நடுவே மூச்சு வாங்குகிற பாதை. வெயிலுக்கு முன்னால் கிளம்பி, தண்ணீரைக் கையோடு கொண்டுபோய், பேச்சைக் குறைத்து ஏறினால் ஏறிவிடலாம். மேலே காற்று இருக்கிறதே, அதற்கு ஸ்வெட்டர் தேவையில்லை, ஆனால் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். மேற்கே மலைக்கு மேல் மலையாகப் போகிறது. கிழக்கே திரும்பினால் மலையே கிடையாது. பொட்டலும் கண்மாயும், அதற்கப்பால் நாம். இரண்டு சீமைகளின் எல்லைக்கல் மேல் ஏறி நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

இந்த மலைகளை நம் ஆட்கள் மறந்தது கார் வந்த பிறகுதான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடி பழனிக்குக் காவடியோடு நடந்தவர் உங்கள் வளவிலும் ஒருவராவது இருப்பார். சிங்கம்புணரி, சமுத்திராபட்டி, நத்தம் என்று போகிற அந்த வழியில் பாதி தூரம் மலைதான் துணை. விடியுமுன் கருப்பாக நின்றது, வெயில் ஏற ஏற ஊதாவாகி, பிறகு பாறை பாறையாகப் பிரிந்து தெரியும். வீட்டில் நடந்த பெரியவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், எந்த இடத்தில் எந்த மலை எந்தப் பக்கம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதே ரோட்டில் நீங்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு கொடைக்கானலுக்குப் போனபோது பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

இன்னொன்று, மாதம். மே மாதம் நம் குன்றுகளுக்கு ஆகாது. அக்கினி நட்சத்திரத்தில் பாறை மேல் ஏறுகிறவரைப் பார்த்தால் ஆடுகூடச் சிரிக்கும். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். சுனை நிரம்புவதும் பாறை இடுக்கில் புல் பச்சை கட்டுவதும் அதற்குப் பிறகுதான். மார்கழியிலிருந்து மாசி வரைதான் நம்முடைய ‘சீசன்’. பள்ளிக்கூட லீவு மே மாதம் என்பதால் இயற்கையும் அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும் என்றால் எப்படி?

அந்த மாதங்களில் நார்த்தாமலைக்குப் போங்கள். திருச்சி ரோட்டில் புதுக்கோட்டை தாண்டி. பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்குப் போய்க் கூட்டத்தில் நசுங்கி வந்ததோடு பலருக்கு அந்த ஊர் முடிந்துவிடுகிறது. மேலமலை என்று கேட்டு நடங்கள். படிக்கட்டு மாதிரி எதுவும் இல்லை, சரிந்து கிடக்கிற பெரும் பாறை மேலேயே நடக்க வேண்டும். வழியில் தலையருவிச் சிங்கம் என்றொரு சுனை. அதன் தண்ணீருக்குள்ளே பாறையைக் குடைந்து ஒரு லிங்கம் வைத்திருக்கிறார்கள், நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. மேலே விஜயாலய சோழீச்சரம். பெயர்தான் சோழன் பெயர், எடுப்பித்தவர் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதி அரையர். மழை இடித்து அழித்ததை மல்லன் விடுமன் புதுப்பித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. சதுர மதிலுக்குள் வட்டமான கருவறை. கோயில் மேற்குப் பார்த்தது. காலையில் போகிறவர்கள் அதன் முதுகில் விழுகிற வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். நாலு, நாலரை மணிக்குப் போனால் வெயில் நேரே துவாரபாலகர் முகத்தில் விழும். எதிரே பாறையில் குடைந்த மண்டபத்தில் பன்னிரண்டு திருமால் உருவங்கள், சுவரோடு வரிசையாக, கிட்டத்தட்ட ஆளுயரம். இருட்டும் முன் இறங்கிவிடுங்கள், பாறையில் விளக்கு கிடையாது.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். சித்தன்னவாசலில் எல்லோரும் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். சமணர் படுத்த கல்படுக்கைகள் இருக்கிற ஏழடிப்பட்டத்துக்கு மலையைச் சுற்றி ஏறுங்கள், அதுதான் அந்த மலையின் நல்ல இடம். திருக்கோளக்குடி, உருண்டு விழுந்துவிடுமோ என்று நிற்கிற பாறைகளுக்கு நடுவே ஒரு கோயில், கூட்டமே இருக்காது. குன்றக்குடிக்கு நான் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை, ஆனால் மலைக்குக் கீழே மேற்குப் பக்கம் குடவரைகள் இருப்பது அங்கே மொட்டை போட்டவர்களுக்கே தெரியாது. மலை வேண்டாம், தண்ணீரும் பறவையும் போதும் என்றால் திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி. 1977-லிருந்து வேட்டங்குடி சரணாலயம் என்று அரசுக் கணக்கில் இருக்கிறது. கூடு கட்டின நாரைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். வெடியைக் காரில் வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போக வேண்டாம்.

அழகான இடம் இல்லையே என்று அங்கலாய்ப்பவர்களிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. இல்லை, இல்லை என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தால், குன்றை வெறும் கல்லாகப் பார்க்கிறவருக்கு வேலை சுலபமாகிவிடுகிறது. மேலூர்ப் பக்கம் பஸ் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம், கேக் வெட்டினாற்போல் அறுத்துப் பாதியில் விட்ட குன்றுகளையும் பச்சைத் தண்ணீர் தேங்கிய குழிகளையும். அதே மேலூர் வட்டாரத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 193 ஹெக்டேர். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கம் என்று பேச்சு வந்தபோது ஊரே ரோட்டுக்கு வந்தது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தைக் கைவிட்டது. அந்த மக்கள் யாரும் ‘எங்கள் ஊரில் பார்க்க ஒன்றுமில்லை’ என்று சொல்லவில்லை. கல்படுக்கை எது, கழுகு கூடு கட்டும் பாறை எது, எந்தச் சுனைத் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகிறது என்று வரிசையாகச் சொன்னார்கள். புது வீட்டுக்குப் பளபளவென்று கிரானைட் போடுகிற நாமும் அந்தக் கல் எந்தக் குன்றிலிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்டதில்லை.

பெயின்ட் டப்பாவோடு மலையேறி அம்பு விட்ட இதயம் வரைகிறவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்கள் கொடைக்கானலுக்கும் போக வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்.

இதைப் படிக்கிற பள்ளிக்கூட வாத்தியார் யாராவது இருந்தால், மைசூர் டூருக்குப் பணம் கட்டச் சொல்லிச் சீட்டுக் கொடுப்பதற்கு முன்னால், மார்கழியில் ஒரு சனிக்கிழமை எட்டாம் வகுப்பை நார்த்தாமலைக்குக் கூட்டிப்போங்கள். கல்வெட்டு, சுனை, குடவரை, கண்மாய் எல்லாம் ஒரே மத்தியானத்தில் பார்த்துவிடலாம். செலவு பஸ் டிக்கெட்டும் புளியோதரைப் பொட்டலமும்தான். பொட்டல இலையைத் திரும்பக் கீழே கொண்டுவரச் சொல்லுங்கள்.