வாசகர் கேள்வி – பதில்: அலமாரிக்கு முன் கூரையைப் பாருங்கள்

கேள்வி: இருவர் படுக்கக்கூடிய பழைய கேம்பர் ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, ஜீப்பில் கோத்துக்கொண்டு கோடியக்கரைக்கும் தரங்கம்பாடிக்கும் குடும்பத்தோடு போய் வருகிறோம். உள்ளே புது அலமாரி, மெத்தை எல்லாம் போட ஆசை. ஆனால் சென்ற கார்த்திகை மழைக்குப் பிறகு ஜன்னலை ஒட்டிய பலகை உப்பியிருக்கிறது. எதில் தொடங்குவது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உப்பிய அந்தப் பலகையில்தான் தொடங்க வேண்டும், அலமாரி காத்திருக்கட்டும். பிளைவுட்டின் அடுக்குகள் பிரிந்து நம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், நீர் உள்ளே போகத் தொடங்கி வெகுநாள் ஆகியிருக்கும். ஜன்னலருகே உப்பியிருப்பதால் ஜன்னல்தான் ஒழுகுகிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கூரை விளிம்பில் அலுமினியப் பட்டை சேரும் இடத்தில் புகுந்த நீர், உட்சட்டத்தின் வழியே இறங்கி, தடைபடும் இடத்தில் தேங்கிப் பலகையை ஊறவைப்பதே பெரும்பாலும் நடப்பது.

ஒருவரை டார்ச்சுடன் உள்ளே உட்காரவைத்துவிட்டு, வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் கீழ் இணைப்பில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே போங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் சில நிமிடம் நீர் விட்டுப் பொறுத்திருந்தால், எதை நனைத்தபோது உள்ளே ஈரம் வந்தது என்பது தெளிவாகிவிடும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இணைப்புகளையும் ஒருசேர நனைத்துக் குழப்பிவிடும். இடம் தெரிந்த பிறகு பழைய சிலிக்கானைச் சுரண்டி முழுவதும் எடுத்துவிடுங்கள். அதன் மிச்சத்தின்மேல் எதுவும் சரியாக ஒட்டாது. பட்டைக்கு அடியில் பிசின் போல ஒட்டும் பியூட்டைல் டேப், வெளி விளிம்பில் பாலியூரித்தேன் சீலன்ட் என்று போட்டால் நன்கு தாங்கும். ஊறிய பலகையை வெட்டியெடுத்து, உள்ளிருக்கும் சட்டம் நன்றாகக் காய்ந்த பிறகே நீரைத் தாங்கும் புது மெரைன் பிளைவுட்டை வைத்து மூட வேண்டும். நம் பகுதியில் அதற்கு ஏற்ற காலம் பங்குனி, சித்திரை வெயில்தான்; ஐப்பசி பிறந்துவிட்டால் காற்றே ஈரமாகிவிடும்.

அடுத்தது சக்கரம். மழைநாளில் நீர் தேங்கிய சாலையில் வண்டி இறங்கும்போது, ஓட்டத்தில் சூடேறியிருந்த ஹப் (பேரிங் உட்காரும் சக்கரக்குடம்) சட்டென்று குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குவதால், ஹப்பின் வாயை அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியே நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து, ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். சுழலவிட்டு, கரகரவென்று சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள். கழற்றும்போது கிரீஸ் தயிர் போல வெளுத்திருந்தால் நீர் போயிருக்கிறது என்று பொருள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் அடைத்து, ஆயில் சீலையும், நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னையும் மாற்றிவிடுங்கள். டயரில் பட்டன் தேயாமல் இருப்பதை நம்ப வேண்டாம். நின்ற இடத்திலேயே ரப்பர் கிழடாகும். டயரின் பக்கவாட்டில் 2319 என்பது போல நான்கு இலக்கம் இருக்கும். அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும். ஆறு ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் மாற்றுவதே நல்லது. கோடியக்கரை போய் வந்தால் அன்றே அடிச்சட்டத்தையும் ஸ்பிரிங் பட்டைகளையும் நல்ல நீரால் கழுவிவிடுங்கள். உப்புக்காற்று பட்ட இரும்பை அப்படியே விடக் கூடாது.

நிறுத்திவைக்கும்போது தார்ப்பாயை வண்டியின் மேலேயே போர்த்தினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். தகரக் கொட்டகைதான் சரி. வண்டலும் களியுமான நம் மண் நனைந்தால் ஜாக்கி புதைந்துவிடும் என்பதால் அடியில் அகலமான பலகை வையுங்கள். சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் இடம் தேடி வரும். வயர் நுழையும் துளைகளை இரும்பு வலையால் அடைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ட்ரெய்லரில் 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி இருக்கிறது. லித்தியத்துக்கு மாற்றினால் ஏசி ஓடுமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: ஓடும், ஆனால் இரவு முழுவதும் ஓடாது. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது 1,280 வாட்-மணி. ஒரு டன் ஏசி ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கும் என்பதால் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஏசியை விட்டு மின்விசிறி போதும் என்றால் கணக்கு வேறு: 12 வோல்ட் மின்விசிறி 2 ஆம்பியர் வீதம் எட்டு மணி நேரம் ஓடினால் 16 ஆம்பியர்-மணி. விளக்குக்கும் போனுக்கும் இன்னொரு 12 என்று வையுங்கள். லெட்-ஆசிட்டில் பாதியை மட்டும் எடுப்பதுதான் அதன் ஆயுளுக்கு நல்லது. அந்தப் பாதியே இதற்குத் தாராளமாகப் போதும். முதலில் முனைகளைப் பாருங்கள்: பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் சுத்தம் செய்து வாசலின் தடவுங்கள். அதற்குப் பிறகும் பேட்டரி தாங்கவில்லை என்றால் லித்தியத்துக்குப் போகலாம். அப்போது சார்ஜரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸும் வேண்டும்.

கேள்வி: பின்பக்கம் ஒன்றரை அடி நீட்டிச் சமையல் மேடை கட்டித் தருவதாக ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். சக்கர அச்சுக்குப் பின்னால் எடை ஏறினால் முன்கொக்கியில் அழுத்தம் குறைந்து, வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இருக்க வேண்டும். வீட்டு எடைமெஷினை அடியில் வைத்தே இதைப் பார்த்துவிடலாம். மேலும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் மோட்டார் வாகனமே என்பதால், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி அதை நீட்டுவதைப் பிரிவு 52 தடுக்கிறது. கதவின் வெளிப்புறத்தில் மடக்கு மேசை ஒன்றைப் பொருத்தி, அடுப்பை வெளியில் வைத்துச் சமையுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டியின் அடித்துளையை எலிக்குப் பயந்து மூடிவிடாமல், வலை மட்டும் அடித்துத் திறந்தே வையுங்கள்.