மே மாதத்திலும் போகாத உள்ளான்கள்

மே கடைசியிலும் கோடியக்கரை உப்பளத்தில் குளிர்காலத்துக்கு வந்துபோகும் உள்ளான் பறவைக் கூட்டம் நிற்கிறது, கூடு ஒன்றையும் காணோம், அடிபட்டவையா என்று கேட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம். பெரும்பாலும் போன வருடம் பொரித்த இளசுகள்தான். கர்லூ சேண்ட்பைப்பர் என்ற இந்த வகை உள்ளான் கூடு கட்டுவது சைபீரியாவின் வடகோடியில்; இங்கே தேடினாலும் கிடைக்காது. இனப்பெருக்க வயதே வராதது அவ்வளவு தூரம் பறந்து என்ன செய்யப் போகிறது? சேற்றில் புழு கிடைத்தால் இங்கேயே தங்கிவிடும்.

நெஞ்சைப் பாருங்கள். ஏப்ரலில் கிளம்பும் பெரியவற்றுக்குச் செங்கல் நிறம் ஏறியிருக்கும், இவை வெளுத்த சாம்பலாகவே நிற்கும். பயணத்துக்குக் கொழுப்பு சேராத ஒன்றிரண்டு பெரியவையும் தங்குவதுண்டு.

அப்புறம், வரப்பில் பார்த்து நடங்கள். பவளக்கால் உள்ளான் என்ற வேறு வகை அங்கே நிஜமாகவே முட்டையிடும், முட்டை மண்ணோடு மண்ணாகத்தான் தெரியும்.